மகரந்தம் எண்ண எதைப் படிக்க? ஃபிஜியா, செல்புரொஃபைலரா, பைத்தானா?

அக்கா மகள் பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். புராஜெக்டுக்கு நெல் மகரந்தம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கார் பயிரில் அம்பை 16 என்ற நெல் ரகம் போட்ட வயல்களில் காலையிலேயே போய், பூ விரிவதற்கு முன் கதிரைப் பறித்து எழுபது சதவீத ஆல்கஹாலில் போட்டு, செங்கோட்டை பாசஞ்சரில் கொண்டு வந்துவிடுவாள். பூக்கும் நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் நெல்லில் பதர் கூடும் என்பது ஊரில் எல்லா விவசாயிக்கும் தெரியும், அதில் மகரந்தம் எவ்வளவு மலடாகிறது என்று பார்ப்பதுதான் இவள் வேலை. அயோடின்-பொட்டாசியம் அயோடைடு ஒரு சொட்டு விட்டால் மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருத்துவிடும், மலட்டு மகரந்தம் வெளிர் மஞ்சளாக, பல நேரம் சுருங்கிக் கிடக்கும். பார்த்து எண்ண வேண்டியதுதான்.

எண்ணுவதில்தான் சிக்கல். 240 படம், ஒவ்வொன்றிலும் சராசரி நூறு மகரந்தம். ஒரு படத்துக்கு நாலு நிமிஷம் என்றால் 16 மணி நேரம், அதுவும் கண் அசராமல் இருந்தால். "சித்தி, கம்ப்யூட்டர் எண்ணிராதா? எதப் படிக்கட்டும்?" என்று கேட்டாள். கேட்ட கையோடு தோழிகள் சொன்ன பட்டியலையும் அனுப்பினாள்: படத்தை அலசும் சாப்ட்வேர்களான ஃபிஜி, செல்புரொஃபைலர், ஐலாஸ்டிக், செல்போஸ், நிரல் மொழியான பைத்தான், அப்புறம் சான்றிதழ் தரும் ஒரு கட்டண வகுப்பு. கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், ஹாஸ்டல் நெட், ஆறு வாரம்.

நான் பழக்கத்தால் பைத்தான் ஆள். அதனால் பைத்தான் என்று உடனே சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவளுடைய ஒரே படத்தை எடுத்து எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இலைத்துளை எண்ணுகிறவர்கள், வேர்நுனியில் பகுப்படையும் உயிரணுவைத் தேடுகிறவர்கள், ஆற்றுத் தண்ணீரில் டயாட்டம் என்ற நுண்பாசியைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் படத்தைப் பற்றி, ஏனென்றால் சாப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே பாதி வேலை கெட்டுப்போய்விடும். அவள் அனுப்பிய முதல் படத்தை ஃபிஜியில் திறந்து, அளவு வைத்து எண்ணச் சொன்னால் பூஜ்யம் என்றது. படத்தில் மகரந்தம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பூஜ்யம்! அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் பிடிபட்டது. கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் பத்து மடங்கு லென்ஸ், ஐபீஸில் போனை வைத்து எடுத்த படம், அகலம் 4000 பிக்சல். அதை அவள் ஒரு அரட்டைச் செயலியில் அனுப்பியதும் 1600 பிக்சலாகச் சுருங்கிவிட்டது. நான் பழைய அளவையே வைத்திருந்தேன், ஆக 40 மைக்ரான் மகரந்தம் 16 மைக்ரான் என்று வந்திருக்கிறது, 500 சதுர மைக்ரானுக்குக் கீழே உள்ளதெல்லாம் தூசி என்று நான் போட்ட வடிகட்டியில் அத்தனையும் விழுந்துவிட்டன. பூஜ்யம் வந்ததால் தப்பித்தோம். பாதி வந்திருந்தால் நம்பியிருப்போம். படத்தை அனுப்பும்போது கோப்பாக, மூல அளவிலேயே அனுப்புங்கள்.

அளவு எப்படி வைத்தோம் என்று கேட்பீர்கள். அதற்கென்றே அளவுக்கோடு போட்ட கண்ணாடியான ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் பீரோவில் பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடமோ இருக்கும், எல்லா ஊர் கல்லூரியிலும் இதே கதைதான். ரத்த அணு எண்ணும் நியூபார் கண்ணாடி மட்டும் எங்கேயும் கிடைக்கும். அதன் நடுக் கட்டத்தில் 25 சதுரங்கள், ஒவ்வொன்றின் பக்கமும் 0.2 மில்லிமீட்டர், அதாவது 200 மைக்ரான். அதே லென்ஸில், போனை அதே மாதிரி வைத்து, ஜூம் தொடாமல் ஒரு படம் எடுத்து, அந்தப் பக்கத்தின் மேல் கோடு இழுத்தால் எங்களுக்கு 400 பிக்சல் வந்தது. ஒரு பிக்சலுக்கு அரை மைக்ரான். பத்து மடங்கு லென்ஸின் துளை எண் (எவ்வளவு அகலமாக ஒளியை வாங்கும் என்ற அளவு) வழக்கமாக 0.25, பச்சை ஒளிக்கு அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி 1.1 மைக்ரான் அளவில் இருக்கும், ஆக அரை மைக்ரான் பிக்சல் அதற்குச் சரியான பொருத்தம். இதற்கு மேல் மெகாபிக்சலைக் கூட்டினால் கோப்புதான் பெருக்கும், விவரம் கூடாது.

இன்னொன்று, போன் தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். மகரந்தமே இல்லாத வெறும் இடத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஓரங்களில் இருட்டு விழுவதைப் பிறகு சரிசெய்யலாம்.

சரி, சாப்ட்வேருக்கு வருவோம்.

ஃபிஜியின் அடியில் இருப்பது இமேஜ்ஜே. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பாண்ட் 1987-இல் மேக்கிண்டாஷுக்காக ஒன்று எழுதினார், 1997-இல் அதையே ஜாவாவில் எல்லாக் கணினிக்குமாக மாற்றி எழுதியதுதான் இமேஜ்ஜே. உயிரியல்காரர்களுக்கு வேண்டிய செருகுநிரல்களை எல்லாம் அதில் கட்டிக் கொடுத்த மூட்டைக்குப் பெயர் ஃபிஜி. பெயரை விரித்தால் "ஃபிஜி என்பது வெறும் இமேஜ்ஜேதான்" என்று வருகிற மாதிரி விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். முகம் பழசு, மெனுவுக்குள் மெனு, முதல் நாள் பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும். இலவசம், இறக்கி விரித்தால் ஓடும், பழைய லேப்டாப்பிலும் மூச்சுத் திணறாது.

அந்த ஒரே படத்தை வைத்து நான் கற்ற விஷயம் ஃபிஜியில்தான் கண்ணில் பட்டது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, ஒரு எல்லை எண் வைத்து, அதற்குக் கீழே இருட்டாக இருப்பதெல்லாம் மகரந்தம் என்று சொல்வதுதான் எல்லோரும் செய்வது. த்ரெஷோல்டு என்பார்கள். அந்த எண்ணைத் தானாகவே தேடித் தருவதற்கு ஓட்சு என்ற ஜப்பானியர் 1979-இல் சொன்ன முறை எல்லாச் சாப்ட்வேரிலும் உண்டு. செய்தேன். கருத்த மகரந்தம் எல்லாம் வந்தது, மஞ்சள் மலடு ஒன்று கூட வரவில்லை. எல்லையைத் தளர்த்தினால் மலடு வருகிறது, கூடவே தூசியும் ஓரத்து நிழலும் வருகின்றன. மலட்டு விகிதம் கேட்கிற புராஜெக்டில் மலடே எண்ணிக்கையில் இல்லை என்றால் விடை எப்போதும் நூறு சதவீதம் வளமானது என்றுதான் வரும்.

அப்புறம் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நீலத்தில் எல்லா மகரந்தமும் இருட்டாக நின்றன, மலடும் சேர்த்து. காரணம் எளிது, மஞ்சள் பொருள் நீல ஒளியை விழுங்கும். சிவப்பில் பார்த்தால் மலடு கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது, கருத்தது மட்டும் நின்றது. ஆக மொத்த எண்ணிக்கையை நீலத்தில் எடுத்துக்கொண்டு, அதே எல்லைக்கோடுகளைச் சிவப்புப் படத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றின் சராசரி வெளிச்சத்தை அளந்தால் போதும். 0-இலிருந்து 255 வரை உள்ள அளவில் கருத்தவை ஐம்பதுக்குப் பக்கத்தில் கூடின, மலடு நூற்றைம்பதுக்கு மேலே போனது, நடுவில் நல்ல இடைவெளி. இதைப் பிக்சல் பிக்சலாகச் சுட்டியை ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள ஃபிஜியைப் போல் வேறொன்று இல்லை. சுட்டி போகிற இடத்து எண்ணைக் கீழே காட்டிக்கொண்டே வரும்.

அதற்கப்புறம் உள்ளது வழக்கமான வரிசை. நீலப் படத்தில் த்ரெஷோல்டு, உள்ளே உள்ள ஓட்டையை நிரப்புதல், ஒட்டிக்கொண்டிருப்பவற்றைப் பிரிக்க வாட்டர்ஷெட், பிறகு ஒவ்வொன்றையும் எண்ணி அளந்து தரும் அனலைஸ் பார்ட்டிகிள்ஸ். வட்டத்தன்மை என்று ஒரு எண் தரும், முழு வட்டம் என்றால் 1. எல்லாவற்றுக்கும் எல்லைக்கோடு சேமிக்க ஆர்.ஓ.ஐ. மேனேஜர். சில நேரம் கருப்பும் வெள்ளையும் தலைகீழாகி, பின்னணி முழுவதையும் ஒரே பெரிய மகரந்தமாக எண்ணிவிடும், பயப்பட வேண்டாம், தலைகீழாகத் திருப்பினால் சரியாகும். வாட்டர்ஷெட் மட்டும் எனக்கு எரிச்சல். ஒட்டிய இரண்டைப் பிரிக்கும், சுருங்கிய மலட்டையும் இரண்டாக வெட்டும். அதாவது மலட்டு எண்ணிக்கையைத் தானே கூட்டிவிடும்.

240 படத்துக்கும் கையால் மெனு அழுத்தவா என்று கேட்பாள் என்று தெரியும். ஃபிஜியில் ரெக்கார்டர் என்று ஒன்று இருக்கிறது, நாம் அழுத்துவதை எல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே வரும். அதற்கு மேக்ரோ என்று பெயர். அதைச் சேமித்து, தொகுப்பாக எல்லாக் கோப்புகளிலும் ஓட்டலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு நிரல் எழுதப் பழக இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

செல்புரொஃபைலர் வேறு மாதிரி. ஆன் கார்பென்டர் என்ற உயிரணு உயிரியலாளர் ஆரம்பித்தது, 2005-இல் வெளிவந்தது, ஆயிரக்கணக்கான படங்களை ஒரே வரிசையில் தள்ளி அளக்க வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. இதில் மெனுவை நோண்ட வேண்டியதில்லை, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டளைப் பெட்டிகளை அடுக்க வேண்டும்: வண்ணத்தைப் பிரி, தலைகீழாக்கு, பொருளைக் கண்டுபிடி, வெளிச்சத்தை அள, எக்செல்லில் திறக்கிற மாதிரி எழுது. நான் மேலே சொன்ன நீலம்-சிவப்பு வேலை இதில் அச்சு அசலாகப் பொருந்துகிறது, ஒன்றில் தேடி இன்னொன்றில் அளப்பதற்காகவே கட்டினது போல. தலைகீழாக்குவதை மறக்கக் கூடாது, ஏனென்றால் அது இருட்டுப் பின்னணியில் ஒளிரும் உயிரணுவைத்தான் எதிர்பார்க்கிறது, நம் படமோ வெளிச்சப் பின்னணியில் இருட்டுப் பொருள். விட்டம் எத்தனை பிக்சல் என்றும் கேட்கும். நாற்பது மைக்ரான் என்றால் எண்பது பிக்சல், சுருங்கியதையும் சேர்க்க ஐம்பதிலிருந்து நூறு வரை கொடுத்தேன்.

இதன் பெரிய நன்மை, எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல். ஃபிஜியில் படத்துக்குப் படம் த்ரெஷோல்டைக் கண்ணுக்கு அழகாக நகர்த்தத் தோன்றும், அது பெரிய பாவம், ஒரு வயலுக்குச் சாதகமாகக் கை நகர்ந்துவிடும், நமக்கே தெரியாது. பெட்டிகளாக அடுக்கினால் அந்த ஆசைக்கே இடமில்லை. ஆனால் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு குறை உண்டு. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே விடை வந்துவிடும். நீலத்தில் தேட வேண்டும் என்பது எனக்கு ஃபிஜியில் தெரிந்துவிட்டதால்தான் இங்கே அடுக்க முடிந்தது. நேராக இங்கே வந்திருந்தால் கருப்பு வெள்ளையாக்கு என்ற பெட்டியைப் போட்டுவிட்டு மலட்டைத் தொலைத்திருப்பேன்.

பைத்தானைப் பற்றி நான் ஆசையாகப் பேசுவேன், அதனால் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறேன். சைகிட்-இமேஜ் என்ற நூலகத்தை (ஏற்கெனவே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு) வைத்து இதே வேலை இருபது வரிக்குள் முடிந்துவிட்டது. படம், அட்டவணை, புள்ளியியல், வரைபடம் எல்லாம் ஒரே இடத்தில். நாப்பாரி என்ற பார்வைச் சாளரத்தில் எல்லைக்கோடுகளைப் படத்தின் மேல் போட்டும் பார்க்கலாம். ஆனால் ஆறு வாரத்தில் ஒரு பெண் நிரல் மொழியையும் படித்து, பட ஆய்வையும் படித்து, புராஜெக்டும் எழுத வேண்டும் என்றால் பாதி நாள் நிறுவல் பிழையில்தான் போகும். கூகுள் கோலாப்பில் உலாவியிலேயே ஓட்டலாமே என்று சொல்வார்கள். ஓட்டலாம். படம் ஒன்று 3 எம்.பி. என்று வைத்தாலும் 240 படத்துக்கு 720 எம்.பி. ஏற்ற வேண்டும், ஹாஸ்டல் நெட்டில் அதற்கு விடிய விடியக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறி. சைகிட்-இமேஜில் திறந்தால் முதல் அடுக்கு சிவப்பு. ஓப்பன்சிவி என்ற இன்னொரு நூலகத்தில் திறந்தால் முதல் அடுக்கு நீலம். இணையத்தில் ஒருவர் எழுதினதிலிருந்து பாதி, இன்னொருவரிடமிருந்து பாதி எடுத்து ஒட்டினால் சிவப்பும் நீலமும் இடம் மாறி, பிழைச் செய்தி எதுவும் வராமல், கச்சிதமாகத் தப்பான விடை வரும். ஃபிஜியில் கண்ணால் பார்த்தவள் என்றால் "இந்தப் படம் நீலம் மாதிரி இல்லையே" என்று உடனே பிடிப்பாள். பார்க்காதவள் பிடிக்க மாட்டாள்.

ஐலாஸ்டிக்கும் செல்போஸும் கவர்ச்சியானவை. ஐலாஸ்டிக்கில் தூரிகையால் இது பின்னணி, இது கருத்தது, இது மலடு என்று நாலு கோடு இழுத்தால் மீதியை அதுவே கற்றுக்கொள்கிறது, ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும். கோடு இழுக்காத படங்களில் சரிபார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். செல்போஸ் 2020-இல் வந்த ஆழ்கற்றல் கருவி, ஒட்டிக் கிடக்கும் மகரந்தத்தை வாட்டர்ஷெட்டைவிட அழகாகப் பிரித்தது, மலட்டை வெட்டவில்லை, எனக்கே பொறாமை. ஆனால் அந்த லேப்டாப்பில் ஒரு படத்துக்குக் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதோடு அது பிரித்துத்தான் தரும், எது வளம் எது மலடு என்பதை நாம்தான் அளக்க வேண்டும். மறுபடியும் சிவப்பு அடுக்குதான்.

கியூபாத் பற்றி ஒரு வரி: ஹைகிரவுண்டு பக்கம் மருத்துவம் படித்துக்கொண்டு திசு ஸ்லைடு பார்க்கிற பிள்ளைகள் என்றால் நேராக அதற்குப் போங்கள், பெரிய ஸ்லைடு ஸ்கேனுக்காகவே செய்தது. அதை எழுதிய பீட் பேங்க்ஹெட் பட ஆய்வின் அடிப்படைக்கு ஒரு புத்தகத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார், ஃபிஜி பழகுகிறவர்களுக்கும் பைத்தான் பழகுகிறவர்களுக்கும் உதவும். ஆங்கிலம்தான், ஆனால் நேரான ஆங்கிலம்.

கட்டண வகுப்பை விட்டுவிடலாம். பெயர் வேண்டாம், முன்னொரு தடவை நானே காசு கட்டிச் சேர்ந்தேன், மூன்று வாரம் அவர்களுடைய ஒளிரும் உயிரணுப் படத்தையே காட்டினார்கள், கருப்புப் பின்னணியில் பளிச்சென்று தனித்தனியாக நிற்கும், எந்தச் சாப்ட்வேரும் சரியாக எண்ணிவிடும். என் படத்தை எடுத்துக் கேட்டபோது "அது பாடத்தில் இல்லை" என்றார்கள். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது.

ஆக அவளுக்கு நான் சொன்னது: முதல் இரண்டு வாரம் ஃபிஜி மட்டும். இருபது படத்தைக் கையால் எண்ணு, ஃபிஜியிலும் எண்ணு. "கையால எண்ணுறதுக்குப் பயந்துதான சித்தி இதப் படிக்கேன்?" என்றாள். "எண்ணிப் பாக்காம அது சரியா எண்ணுதுன்னு எப்படிட்டி தெரியும்?" என்றேன். மொத்தம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அது பத்து மகரந்தத்தை விட்டுவிட்டுப் பத்துத் தூசியைச் சேர்த்திருந்தாலும் மொத்தம் ஒத்துப்போகும், அதனால் எல்லைக்கோட்டைப் படத்தின் மேல் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மூன்றாம் வாரம் ரெக்கார்டரில் மேக்ரோ, எல்லாப் படத்துக்கும் ஒரே எல்லை எண். மேக்ரோ எழுதத் திணறினால் அதே வரிசையைச் செல்புரொஃபைலரில் அடுக்கிக்கொள்ளலாம், அந்தக் கட்டத்தில் அது எளிது. பைத்தான் எல்லாம், புராஜெக்டு முடிந்து பிஎச்.டி. போகிறாள் என்றால்தான். அப்போது வேறு வழியே இல்லை, படம் ஆயிரக்கணக்கில் வரும்.

இரண்டு பேர் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே பைத்தான் தெரிந்தவர்கள் ஃபிஜியில் இரண்டு நாள் பார்த்துவிட்டு அங்கேயே போய்விடுங்கள். தட்டு தட்டாக ஒளிரும் சாயப் படம் எடுக்கிற ஆய்வகத்தில் இருப்பவர்கள் செல்புரொஃபைலரிலேயே தொடங்குங்கள், அது உங்களுக்காகத்தான் எழுதினது.

எந்தச் சாப்ட்வேரும் சொல்லித் தராத ஒன்றையும் அவளிடம் சொல்லி வைத்தேன். ஒரே ஸ்லைடில் பத்து இடம் படம் எடுத்தால் அது பத்துச் செடி ஆகாது. 240 படம் என்று அவள் பெருமையாகச் சொன்னாள், கேட்டால் எட்டுச் செடி, செடிக்கு மூன்று ஸ்லைடு, ஸ்லைடுக்குப் பத்துப் படம். அட்டவணையில் எண்ணிக்கை எட்டு என்றுதான் எழுத வேண்டும். முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை மறுபடி பாசஞ்சர் ஏறுகிறாள், இன்னும் ஏழு செடிக்கு.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினாள், இந்த முறை கோப்பாக, மூல அளவில். "வட்டத்தன்மை 0.98 சித்தி, இவ்வளவு அழகான மகரந்தம் இதுவரைக்கும் வரல." பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிலும் தடித்த கருப்பு விளிம்பு, நடுவில் கண்ணாடி மாதிரி வெளிச்சம். ஓட்டையை நிரப்பு என்று சொன்னதால் ஃபிஜி நடுவையும் நிரப்பிவிட்டது. கவர்ஸ்லிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி.